தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார்

"நாளைக்கு இதே பாடத்தை மறுபடியும் எடுப்பேன். அப்போ முதல் தடவையா கேக்கற மாதிரி எல்லாரும் முகத்தை வெச்சுக்கணும். சரியா?" என்றார் மோகனப்ரியா மிஸ்.

"சரிங்க மிஸ்!" என்றது ஆறாம் வகுப்பு.

பாரி உடனே கண்களை அகல விரித்து, வாயைப் பிளந்து, ஆச்சரியப்பட்டுப் பார்த்தான்.

"அவ்வளவு வேணாம் பாரி. பாதி போதும்" என்றார் மிஸ்.

மோகனப்ரியா மிஸ் இன்னும் முழு டீச்சர் ஆகவில்லை. பி.எட். படிக்கிறார். பயிற்சிக்காகத் தண்டையார்பேட்டையில் இருக்கும் இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நாளைக்கு அவருடைய கல்லூரியிலிருந்து ரமாபாய் மேடம் வருகிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்து மதிப்பெண் போடுவார். அதற்காகத்தான் இந்த ஒத்திகை. எந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்றுகூட மிஸ் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் மனித உடம்பின் படம் தொங்கியது. நடுவில் இதயம். அங்கிருந்து சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் போயின. மிஸ் கரும்பலகையில் ஒரு மோட்டார் படம் வரைந்தார்.

"உங்க தெருவுல போர்வெல் மோட்டார் இருக்குல்ல? அது கீழே இருக்கற தண்ணியை மேல ஏத்தி எல்லா வீட்டுக்கும் அனுப்புது. நம்ம உடம்புக்குள்ளயும் ஒரு மோட்டார் இருக்கு. அதுதான் இதயம். ரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்புது. ரத்தத்துல பெரும்பகுதி தண்ணிதான், தெரியுமா?"

பாரி சொன்னபடி பாதி ஆச்சரியம் மட்டும் பட்டான்.

"ரூஹி, கடைசிக் கேள்வி உனக்கு. 'மோட்டார் நின்னா என்ன ஆகும்?'னு நான் கேப்பேன். 'வீட்டுக்குத் தண்ணி வராது மிஸ், அதேபோல இதயம் நின்னா உடம்புக்கு ரத்தம் போகாது'னு சொல்லணும். எழுதிக்கோ."

ரூஹி எழுத ஆரம்பித்தாள். பாதியில் பேனா நின்றுவிட்டது.

மோட்டாரைப் பற்றி ரூஹிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பா ரஷீதுக்கு, அதுதான் தொழில். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். வெயில் ஏற ஏறப் பூமிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். அப்போது கடையில் மோட்டார்கள் குவியும். வருகிறவர்கள் எல்லோரிடமும் அத்தா ஒன்றையேதான் சொல்வார்: "தண்ணி இல்லாம ஓட்டினா மோட்டார் எரிஞ்சிடும்."

இது நோன்பு மாதம். அத்தா விடிவதற்கு முன்பிருந்து பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ரூஹி கணக்கில் கெட்டிக்காரி. இதயம் ஒரு மோட்டார். தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் எரிந்துவிடும். அத்தா தண்ணீர் குடிப்பதில்லை. மூன்றையும் கூட்டிப் பார்த்தாள். வந்த விடை அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

பள்ளி முடியும் மணி அடித்ததும் தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்த மீன் தொட்டிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். இந்த வாரம் அது அவள் வேலை. ஊற்றியதும் பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு ஓடினாள்.

கடையில் அத்தா ஒரு மோட்டாரைத் திறந்து வைத்திருந்தார். கருகிய வாசனை தெருவரைக்கும் வந்தது. எதிரில் பக்கத்துக் குடியிருப்பின் பவுனம்மாள் நின்றிருந்தார்.

"இன்னா பாய், பாக்க நல்லாத்தான கீது?" என்றார் பவுனம்மாள்.

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. உள்ள கருகிப் போச்சி. தண்ணி இல்லாம ஓடிக்கினு இருந்துருக்கு."

"அஞ்சு வருசமா நல்லாத்தான ஓடிச்சி?"

"அதாம்மா. ஒவ்வொரு தபாவும் கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏறும். தெரியாது. ஒருநா திடீர்னு எரிஞ்சி பூடும்."

ரூஹி அத்தாவையே பார்த்தாள். அத்தாவும் வருஷா வருஷம் நோன்பு வைக்கிறார். நல்லாத்தான் இருக்கிறார். வெளியில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

பவுனம்மாள் போனதும் அத்தாவின் பின்னால் போய் நின்று, அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. மதியம் முழுவதும் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் யார் கழுத்தும் சூடாகத்தான் இருக்கும். ரூஹிக்கு அது தோன்றவில்லை.

முதுகில் காதை வைத்தாள். டொக், டொக், டொக். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போது பார்த்து எங்கிருந்தோ 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. ரூஹி துள்ளி விலகினாள்.

"அத்தா! உள்ள ஏதோ சத்தம் கேக்குது!"

"பசிம்மா, வேற இன்னா?" என்று சிரித்தார் அத்தா. "இன்னா, டாக்டருக்குப் படிக்கறியா?"

"அத்தா, ஒரே ஒரு மடக்கு தண்ணி குடிக்கறியா? நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

அத்தா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நான் சின்னப் பையனா ரூஹிம்மா? இன்னும் ரெண்டு மணி நேரம்தான். நீ வூட்டுக்குப் போ, அம்மா தேடும்."

நோன்பில் இருப்பவரிடம் போய், 'உன் இதயம் எரியப் போகிறது' என்று எப்படிச் சொல்வது? ரூஹி சொல்லவில்லை. வீட்டுக்குப் போனாள்.

அம்மா ஷரீஃபுன்னிசா நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒடம்புக்கு முடியலன்னா நோன்பு வைக்க வேணாம்தானே?"

"வேணாம். அப்பால வெச்சிக்கலாம். ஏன், ஒனக்கு ஜொரமா?"

"எனக்கில்ல. அத்தாவுக்கு."

"அவருக்கு இன்னா? குத்துக்கல்லு மாதிரி கீறாரு. காலைல ஒத்த ஆளா மோட்டாரத் தூக்கினு மாடி ஏறினாரு" என்ற அம்மா, துருவிய தேங்காயில் ஒரு பிடி எடுத்து அவள் வாயில் போட்டார். தேங்காய் அன்றைக்கு ருசிக்கவில்லை.

மறுநாள் காலை அத்தா சரி செய்த மோட்டாரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தார். எண்ணூரில் ஒரு வீட்டில் மாட்ட வேண்டும்.

"வெயில்ல போகாத அத்தா. நாளைக்குப் போ."

"தண்ணி இல்லாம ஒரு வூடே பேஜாராக் கெடக்குது. நாளைக்குப் போனா திட்ட மாட்டாங்க?"

ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. தெருமுனை திரும்பும்வரை ரூஹி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் பள்ளிக்கு நடந்தாள்.

மிஸ்ஸைத் தனியாகப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். மிஸ் ஆசிரியர் அறை வாசலில் நின்று, பாடக் குறிப்பேட்டைப் பார்த்துத் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஒரு சந்தேகம்..."

மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய விரல்கள் சில்லென்று இருந்தன. "ரூஹிம்மா, இன்னிக்கு மட்டும் நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிடு. போன தடவை மேடம் வந்தப்போ நான் பாதியில எல்லாத்தையும் மறந்துட்டேன். இந்தத் தடவையும் சொதப்பினா அவ்வளவுதான். உன் சந்தேகத்தை நாளைக்குக் கேளு, கண்டிப்பா சொல்றேன்."

நாளைக்கு! அத்தா இந்நேரம் எண்ணூர் வெயிலில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருப்பார். ஆனால் மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. "சரிங்க மிஸ்" என்றாள் ரூஹி.

ரமாபாய் மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பாடம் நன்றாகத்தான் போனது. மிஸ் எதையும் மறக்கவில்லை. சங்கமித்ரா தன் பதிலைப் பிசகாமல் சொன்னாள். ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்றதும் பாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஐயோ! அப்படியா மிஸ்!" என்று கத்தி, முழு ஆச்சரியத்தையும் செலவழித்துவிட்டான். மேடம் கண்ணாடிக்கு மேலே அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"ரூஹி, மோட்டார் நின்னா என்ன ஆகும்?"

ரூஹி எழுந்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். 'இதயம் நின்னா' என்ற வார்த்தைகளை அவளால் சொல்லவே முடியவில்லை.

மிஸ் மெதுவாக உதட்டை அசைத்து, "வீட்டுக்கு... தண்ணி..." என்று எடுத்துக் கொடுத்தார்.

"மிஸ்" என்றாள் ரூஹி. "தண்ணி இல்லாம ஓடினா மோட்டார் எரிஞ்சிடும். எங்க அத்தா நோன்பு. காலைலேர்ந்து தண்ணியே குடிக்கல. வெயில்ல எண்ணூருக்கு வேலைக்குப் போயிருக்காரு. அவரு இதயம் எரிஞ்சிடுமா மிஸ்?"

பாரி உடனே, "எரிஞ்சா இன்னா? அவுங்க அத்தாவே புதுக் கம்பி சுத்திப்பாரு மிஸ்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரூஹியின் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் பாரியின் சிரிப்பு போய்விட்டது. "சொம்மா சொன்னேன் ரூஹி" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மிஸ்ஸின் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. கடைசி பெஞ்சில் சிவப்புப் பேனா எழுத ஆரம்பித்தது.

"ஒண்ணும் ஆகாதும்மா. உங்க அத்தா நல்லா இருப்பாங்க. உட்காரு."

ரூஹி உட்காரவில்லை. "எப்படி மிஸ் ஆகாது? நீங்கதானே மோட்டார்னு சொன்னீங்க?"

அது நியாயமான கேள்விதான். மிஸ் கரும்பலகையைப் பார்த்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். ரூஹியின் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். நான் சொன்ன உதாரணம் எங்கயோ ஒத்துவரல ரூஹி. எங்கன்னு எனக்கு இப்போ பிடிபடல" என்றார். "என்னைவிட உனக்குத்தான் மோட்டார் பத்தி நல்லாத் தெரியும். இங்க வா. ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."

ரூஹி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். எங்கே ஆரம்பிப்பது? ஒரு வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்றால் அத்தா எடுத்தவுடன் மோட்டாரைப் பிரிக்க மாட்டார். குழாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். ரூஹி எத்தனையோ தடவை அவர் பின்னால் நடந்திருக்கிறாள்.

மிஸ் வரைந்த மோட்டாரில் விரலை வைத்தாள். "தண்ணி போர்வெல்லேர்ந்து வருது. மேல டேங்குக்குப் போகுது. அப்புறம் குழாய். அப்புறம் வாளி. அப்புறம் குளிச்சா சாக்கடைக்குப் போயிடும்."

"சரி. ரத்தம்?"

படத்தில் இதயத்தின் மேல் விரலை வைத்தாள். சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வயிறு, தொடை, முழங்கால், பாதம். பாதத்தில் கோடு மெலிந்து நூலாகி, நீலமாக மாறி, மறுபடி மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போய் இதயத்துக்கே வந்துவிட்டது.

ரூஹி முகம் சுளித்தாள். கைக்குப் போகும் கோட்டைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் திரும்பியது. தலைக்குப் போனதும் திரும்பியது. இந்தப் படம் மூன்று வாரமாக இங்கே தொங்குகிறது. அவள் இதயத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள், கோடுகளைப் பார்த்ததே இல்லை.

"மிஸ்! போன ரத்தமே திரும்பி வருது! சாக்கடைக்குப் போற குழாயே இல்ல!"

"ஆமா" என்றார் மிஸ். அவர் முகமும் மாறியது. "ஆமா ரூஹி!"

"அப்ப இது போர்வெல் மோட்டார் இல்ல மிஸ். இது..." ரூஹி கதவுப் பக்கம் கையை நீட்டினாள். "இது மீன் தொட்டி மோட்டார்! அது தொட்டித் தண்ணியையே இழுத்துத் தொட்டிலயே உடுது. ராத்திரி பகலா ஓடுது. எரியறதே இல்ல!"

"ஆனா மீன் தொட்டிலயும் தண்ணி கொறையுதே?" என்றாள் சங்கமித்ரா. அவள் எப்போதுமே அப்படித்தான், எதையும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ரூஹிக்கு மறுபடியும் திக்கென்றது. குறையத்தான் செய்கிறது. தண்ணீர் மட்டம் மோட்டாருக்கும் கீழே இறங்கினால் ஆபத்துதான். யோசித்தாள். நேற்று அவள் எவ்வளவு ஊற்றினாள்?

"ஒரு குவளைதான் கொறையுது" என்றாள் மெதுவாக. "அதை சாயங்காலம் ஊத்திடறோம். எங்க அத்தாவும் சாயங்காலம் குடிச்சிடுவாரு."

சொல்லி முடித்ததும் நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அவளுக்குச் சீராக வந்தது.

"சரியாச் சொன்னே" என்றார் மிஸ். "இன்னொண்ணு. தண்ணி குறைஞ்சா நம்ம உடம்பு அதைச் சிக்கனமா செலவு பண்ணும். சிறுநீர்கூடக் கொஞ்சமாத்தான் போகும். மீன் தொட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதுக்காக நாள் கணக்கா தண்ணி குடிக்காம இருக்கக் கூடாது."

மிஸ் மோட்டார் படத்துக்குக் கீழே நீளமாக ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் 'ஒத்துப்போவது', மறுபக்கம் 'ஒத்துப்போகாதது' என்று எழுதினார். "சொல்லுங்க."

அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. யாருக்கும் ஒத்திகை பார்த்த பதில் ஞாபகமே இல்லை.

"மோட்டாருக்கு சுவிட்ச் கீது மிஸ், இதயத்துக்கு இல்ல!"

"கரண்ட் போனா மோட்டார் நிக்கும்!"

"ஓடினா இதயம் வேகமா அடிக்கும், மோட்டார் எப்பவும் ஒரே மாதிரிதான் மிஸ்!"

ஒத்துப்போகாத பக்கம் கரும்பலகையின் அடிவரைக்கும் போய்விட்டது. மணி அடித்தது.

ரமாபாய் மேடம் எழுந்து முன்னால் வந்தார். "இந்தப் பாடம் ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள். பாரியால் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமா மேடம். நேத்து ரிகர்சல்" என்றான்.

மோகனப்ரியா மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ரூஹிக்கு ஐயோ என்றிருந்தது. தன் பயம் தீர்ந்தது, மிஸ் மாட்டிக்கொண்டாரே! தன்னால்தானே எல்லாம் குழம்பியது?

"மேடம்" என்று எழுந்தாள். "நான் கேட்டது ரிகர்சல்ல இல்ல. மிஸ் சொன்ன பதிலும் ரிகர்சல்ல இல்ல. தெரியலன்னா தெரியலன்னுதான் சொன்னாங்க. அதனாலதான் நான் யோசிச்சேன்."

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "ரிகர்சல் நடந்தது எனக்குப் பத்தாவது நிமிஷமே தெரியும். இந்தத் தம்பி ஆச்சரியப்பட்ட அழகைப் பார்த்தேனே" என்றார். பாரி பெஞ்சுக்குக் கீழே எதையோ தேடினான். மேடம் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மிஸ் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு ரூஹியைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பு மையில் இப்படி இருந்தது: 'ஒத்திகை பார்த்த பாடம் சுமார். மாணவி கேள்வி கேட்ட பிறகு நடந்த பாடம் மிக நன்று. இனி இரண்டாவதை மட்டும் நடத்தவும்.'

"நாளைக்கு நுரையீரல்" என்றார் மிஸ். "பலூன் மாதிரின்னு சொல்லலாம்னு இருக்கேன்."

ரூஹி யோசித்தாள். "வெடிக்காதுன்னு முதல்லயே சொல்லிடுங்க மிஸ்."

அன்று மாலை அத்தா எண்ணூரிலிருந்து திரும்பி வந்து, கை கால் கழுவிக்கொண்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து மனதில் இருந்த அத்தனையையும் ரூஹி ஒரே மூச்சில் அத்தாவிடம் கொட்டினாள். அத்தா குறுக்கே பேசாமல் கேட்டார். கழுத்தைத் தொட்டுப் பார்த்த கதை வந்தபோது அவர் கண் கலங்கியது. அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"இத்த என்னாண்ட சொல்றதுக்கு இன்னாம்மா? நீ பாட்டுக்கு ரெண்டு நாளா உள்ளயே வெச்சிக்கினு கீறியே."

"நீ பயந்துடுவன்னுதான் அத்தா."

"ம்." அத்தா தாடியைத் தடவிக்கொண்டார். "அதுசரி, மீன் தொட்டி மோட்டாரா நானு? உள்ளங்கை அளவு இருக்குமே அது! இத்தினி வருசம் தொழில் பண்றேன், ஒரு குதிரைசக்தியாச்சும் எனக்குக் குடுத்திருக்கக் கூடாதா?"

ரூஹி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா கஞ்சியும் பேரீச்சம்பழமும் சூடான வடையும் கொண்டுவந்து பாயில் வைத்தார். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அத்தா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குவளையைத் தூக்கினார். ரூஹி அவரைப் பார்க்கவே இல்லை. தட்டில் எந்த வடை பெரியது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.